உடல் எனும் அமானிதம்
ஹகீம் இப்னு சீனா அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிவாசலில் நாம் நிகழ்த்திய பயானில், மிதமிஞ்சி உண்பதன் தீமைகளைப் பற்றிப் பேசினோம். பேச்சின் வேகத்தில், பருத்த உடல் எல்லாமே பெருந்தீனியின் விளைவுதான் என்று பொருள்படும்படிச் சொல்லிவிட்டோம். மறுநாள் ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். பயானைக் கேட்ட தம் தாயார் இரவெல்லாம் அழுததாகச் சொன்னார். அந்த அம்மையாருக்கு நெடுநாளாக ஆஸ்துமா. அதற்காக ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரைகளால் உடல் பருத்துவிட்டது. ஒரு நாளைக்கு அவர் உண்பது, வீட்டிலுள்ள சிறுவர்கள் உண்பதை விடக் குறைவாம்.

நாம் தலைகுனிந்தோம். அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டுச் சொல்லியனுப்பினோம். அறியாத விஷயத்தில் தீர்ப்புக் கூறக்கூடாது என்று பிறருக்கு உபதேசிக்கும் நாமே அப்படிச் செய்துவிட்டோமே என்ற வருத்தத்தில், உடல் பருமனைப் பற்றி நம் முன்னோர்களின் வைத்தியக் கிதாபுகள் என்ன சொல்கின்றன என்று தேடத் தொடங்கினோம். அந்தத் தேட்டம் ஷைகுர் ரஈஸ் என்று உலகம் போற்றும் அபூ அலீ இப்னு சீனா அவர்களிடம் நம்மைக் கொண்டு சேர்த்தது. அவர்கள் எழுதியதில் ஒரு பாடமும், அவர்கள் வாழ்ந்ததில் மற்றொரு பாடமும் நமக்குக் கிடைத்தன. அவ்விரண்டையும் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

இப்னு சீனா அவர்கள் ஹிஜ்ரி 370ல், அதாவது கி.பி. 980ல், புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்ற சிற்றூரில் பிறந்தார்கள். இன்று அது உஸ்பெகிஸ்தான் நாட்டில் உள்ளது. தந்தை அப்துல்லாஹ் பல்கு நகரைச் சேர்ந்தவர். ஸாமானிய அரசில் அதிகாரியாக இருந்தவர். தாயாரின் பெயர் ஸிதாரா. பிள்ளையின் கல்வியைக் கருதிக் குடும்பம் புகாராவில் குடியேறிற்று.

பத்து வயதிற்குள் குர்ஆன் ஷரீபை மனனம் செய்து முடித்துவிட்டார்கள். இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்ற பெரியாரிடம் பிக்ஹு பயின்றார்கள். இந்தியக் கணித முறையையோ ஒரு காய்கறி வியாபாரியிடம் கற்றார்கள். அறிவு எவரிடம் இருந்தாலும் அவரிடம் மண்டியிட்டு அமர்ந்து கற்க அக்காலத்துப் பிள்ளைகள் வெட்கப்படவில்லை.

பிறகு தாமே கிதாபுகளைப் படித்து வைத்தியம் கற்றார்கள். பதினாறு வயதிலேயே அனுபவமுள்ள வைத்தியர்கள் அவர்களிடம் வந்து பாடம் கேட்டார்கள். ஏதேனும் ஒரு பிரச்சினை விளங்காவிட்டால் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, அறிவின் வாசலைத் திறந்துவிடும்படி அல்லாஹ்விடம் இறைஞ்சுவார்கள். அரிஸ்டாட்டிலின் தத்துவ நூல் ஒன்றை நாற்பது முறை படித்தும் அது விளங்கவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் ஃபாராபி எழுதிய ஒரு சிறு நூல் மூன்று திர்ஹத்திற்குக் கிடைத்தது. அதைப் படித்ததும் எல்லாம் தெளிந்தது. மறுநாளே ஏழைகளுக்கு ஸதகா வழங்கி இறைவனுக்கு நன்றி செலுத்தினார்கள்.

புகாராவின் அரசர் நூஹு இப்னு மன்ஸூர் நோயுற்றபோது வைத்தியம் செய்ய இப்னு சீனா அவர்களும் அழைக்கப்பட்டார்கள். அதன் பயனாக அரண்மனை நூலகத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தது. பதினெட்டு வயதிற்குள் அக்காலத்துக் கலைகள் அனைத்தையும் கற்று முடித்துவிட்டார்கள்.

அலைந்து திரிந்த வாழ்வு

தந்தை மறைந்த பின் நிலையான இடமின்றி அவர்கள் ஊர் ஊராக அலைய நேர்ந்தது. குவாரிஸம் நாட்டின் குர்கான்ஜிலிருந்து நஸா, தூஸ் முதலிய ஊர்களைக் கடந்து ஜுர்ஜானை அடைந்தார்கள். அங்கேதான் அபூ உபைத் அல்ஜூஸ்ஜானி என்ற மாணவர் அவர்களிடம் வந்து சேர்ந்தார். அன்று முதல் உஸ்தாதின் இறுதி நாள் வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் பிரியவேயில்லை. உஸ்தாதின் சரிதையை நமக்கு எழுதி வைத்தவரும் அவரே. அல்கானூன் என்ற மாபெரும் வைத்திய நூலை அவர்கள் எழுதத் தொடங்கியதும் ஜுர்ஜானில்தான்.

பின்னர் ரை நகர் வழியாக ஹமதானுக்கு வந்தார்கள். அங்கே அமீர் ஷம்ஸுத் தவ்லா, கூலன்ஜ் என்று அரபியில் சொல்லப்படும் குடல் சூலையால் துடித்துக்கொண்டிருந்தார். இப்னு சீனா அவர்கள் நாற்பது நாட்கள் அரண்மனையிலேயே தங்கி வைத்தியம் செய்து குணப்படுத்தினார்கள். மகிழ்ந்த அமீர் அவர்களை வஸீராக ஆக்கிக்கொண்டார். பகலெல்லாம் அரசாங்க வேலை. இரவில் மாணவர்களுக்குப் பாடம். இடையிடையே நூல் எழுதுதல் என்று நாட்கள் கழிந்தன.

இந்த அமீரின் முடிவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சில ஆண்டுகளில் அவர் ஒரு படையெடுப்புக்குப் புறப்பட்டார். வழியில் பழைய சூலை திரும்பிற்று. உணவிலும் ஒழுங்கிலும் அவர் பத்தியம் காக்கவில்லை. இப்னு சீனா அவர்களின் ஆலோசனைகளுக்கும் செவிசாய்க்கவில்லை. நோய் முற்றி, திரும்பும் வழியிலேயே மாண்டுபோனார்.

அமீருக்குப் பின் இப்னு சீனா அவர்கள் நான்கு மாதம் கோட்டைச் சிறையில் அடைபட்டார்கள். பின்னர் சூஃபியாக்களின் உடையணிந்து ஹமதானிலிருந்து தப்பி இஸ்ஃபஹானை அடைந்தார்கள். அங்கே அமீர் அலாவுத் தவ்லாவின் ஆதரவில் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகள் அளவில் வாழ்ந்தார்கள்.

கானூன் கூறும் உடல் பருமன்

கானூன் ஐந்து பாகங்கள் கொண்டது. வைத்தியத்தின் பொது விதிகள் முதல் பாகம்; தனி மருந்துகள் இரண்டாம் பாகம்; தலை முதல் கால் வரையுள்ள உறுப்புகளின் நோய்கள் மூன்றாம் பாகம்; உடல் முழுவதையும் பற்றும் நோய்களும் மேனி நலமும் நான்காம் பாகம்; கூட்டு மருந்துகள் ஐந்தாம் பாகம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலைதோ நகரில் இது லத்தீனில் பெயர்க்கப்பட்டது. ஐரோப்பியப் பல்கலைக் கழகங்கள் பல நூற்றாண்டுகள் இதைப் பாடநூலாகக் கொண்டிருந்தன. 1593ல் ரோமாபுரியில் அரபி மூலமே அச்சேறியது. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யுனானி மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கப்படும் வைத்திய முறைக்கும் இந்த நூல் ஒரு பெருந்தூண்.

அதன் நான்காம் பாகத்தில், மேனி நலம் பற்றிய பகுதியில், அளவு கடந்த பருமனைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார்கள். அதன் சாரத்தை நம் சொற்களில் தருகிறோம். மிதமிஞ்சிய பருமன் உடலுக்குப் பூட்டிய விலங்கு. அது நடமாட்டத்தைத் தடுக்கிறது. இரத்தக் குழாய்களை நெருக்கிக் குறுக்குகிறது. அத்தகையோர் மூச்சிரைப்புக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் மயக்கத்துக்கும் ஆளாவர். பக்கவாதமும் திடீர் மரணமும் ஏற்படும் அபாயம் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் பிள்ளைப்பேறு தடைப்படலாம். கருவுற்றாலும் தங்காமல் போகலாம். இவ்வாறெல்லாம் விவரிக்கிறார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரத்த அழுத்தம் அளக்கும் கருவி கிடையாது. இருதயத்தைப் படமெடுக்கும் வசதியும் கிடையாது. ஆனால் இதய நோய், பக்கவாதம், உறக்கத்தில் மூச்சுத் திணறல், குழந்தைப்பேறின்மை ஆகியவற்றுக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பை இன்றைய மருத்துவமும் உறுதி செய்கிறது. இவற்றுடன் சர்க்கரை நோயையும் மூட்டுத் தேய்வையும் சிலவகைப் புற்றுநோய்களையும் சேர்த்துக்கொள்கிறது.

நம் தவறைச் சுட்டிக்காட்டிய இடமும் அங்கேயே இருந்தது. பருமனால் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாவோர் இளம் பருவத்திலேயே பருத்துவிட்டவர்கள் என்று அவர்கள் பிரித்துக் கூறுகிறார்கள். அவரவர் உடலின் இயற்கையான மிஸாஜுக்கும் இதில் பங்குண்டு என்கிறார்கள். அதாவது பருத்தவரையெல்லாம் பெருந்தீனிக்காரர் என்று ஒரே கோலால் அடித்துவிடவில்லை.

பருமனுக்கு என்ன காரணம்?

உடல் செலவிடும் சக்தியை விட உணவின் மூலம் சேரும் சக்தி அதிகமானால், மிச்சம் கொழுப்பாகச் சேமிக்கப்படுகிறது. இது அடிப்படை. ஆனால் ஒருவருக்குப் பசி எவ்வளவு எடுக்கும், எப்போது போதும் என்று தோன்றும், உண்டது எவ்வளவு எரியும் என்பதெல்லாம் எல்லாருக்கும் ஒன்றல்ல. பெற்றோர் வழி வரும் மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. கொழுப்புத் திசுக்களிலிருந்து சுரந்து, போதும் என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணு 1994ல் கண்டறியப்பட்டது. மிக அரிதாகச் சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஹார்மோன் சுரப்பதில்லை. அத்தகைய குழந்தைக்கு உண்ட பின்பும் பசி தணியாது. அதைப் பேராசை என்று யார் சொல்ல முடியும்?

தைராய்டு சுரப்பிக் குறைவு, பெண்களுக்கு வரும் சினைப்பை நீர்க்கட்டிகள், ஸ்டீராய்டு மருந்துகள், மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள், போதிய உறக்கமின்மை, மன உளைச்சல் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடும். இவற்றோடு எண்ணெய்ப் பலகாரமும் இனிப்புப் பானமும் எந்நேரமும் கைக்கெட்டும் வாழ்க்கையும், உடல் அசையாத வேலையும் சேர்ந்துகொள்கின்றன. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடல் பருமனுடன் வாழ்கிறார்.

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. அது 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் பருமன் நோய் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆனால் நம் நாட்டவர் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருவதால், 23ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை தேவை. வயிற்றில் சேரும் கொழுப்பே மிகவும் ஆபத்தானது.

அன்றைய சிகிச்சையும் இன்றைய சிகிச்சையும்

பருத்த உடலை இளைக்கச் செய்ய இப்னு சீனா அவர்கள் கூறும் வழிகள் சுருக்கமானவை. வயிற்றை நிரப்பக்கூடிய, ஆனால் சத்துக் குறைவான உணவை உண்ண வேண்டும். உண்ட உணவு முழுவதும் உடலில் ஏறிவிடாதபடி அது குடலைவிட்டு விரைவில் இறங்கச் செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் அடிக்கடி குளியல் செய்ய வேண்டும். கடுமையாக உடலை உழைக்கச் செய்ய வேண்டும். பொதுவாகவே, பசித்த பின் உண்ணவும், ஆசை முற்றும் தீருமுன் கையை எடுத்துக்கொள்ளவும், முன் உண்டது செரிக்குமுன் மேலும் உண்ணாதிருக்கவும் கானூனின் முதல் பாகம் போதிக்கிறது. அளவறிந்து, நேரமறிந்து தேகப் பயிற்சி செய்பவருக்குப் பெரும்பாலும் வேறு வைத்தியமே தேவைப்படாது என்பதும் அவர்களுடைய கருத்து.

இவற்றை இன்றைய முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வயிற்றை நிரப்பும், ஆனால் சக்தி குறைந்த உணவு என்பது காய்கறி, கீரை, நார்ச்சத்து நிறைந்த பொருட்கள் என இன்றைய மருத்துவர்கள் அதையே எழுதிக் கொடுக்கிறார்கள். வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்கிறார்கள். மிக அதிகமான பருமனுக்கு இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு செல்லும்படி அறுவை சிகிச்சை செய்கிறார்கள். உணவு முழுவதும் உடலில் ஏறாமல் தடுக்கும் அந்தப் பழைய எண்ணம், கத்தி பிடித்த கையில் வேறு உருவில் வந்திருக்கிறது என்று சொல்லலாம். வேறுபடும் இடமும் உண்டு. பசியைத் தணிக்கும் செமாகுளூட்டைட் போன்ற புதிய ஊசி மருந்துகள், உணவு இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்கும்படி செய்கின்றன. அறிவு வளரும்போது பழையதில் சில நிலைக்கும், சில மாறும். எடை குறைவதற்கு வெறும் வயிற்றுக் குளியலை இன்று யாரும் நம்புவதில்லை. எனவே கானூனில் கண்டதை நாமாகவே செய்து பார்ப்பதும், கடைத்தெருவில் விற்கும் பெயர் தெரியாத பொடிகளை வாங்கி உண்பதும் தவறு. தக்க மருத்துவரை அணுகி, தைராய்டு முதலியவற்றைச் சோதித்துக்கொண்டு, அவர் சொல்கேட்டு நடப்பதே முறை. மருத்துவர் தந்த ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை, எடை கூடுகிறதே என்று நாமாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

வைத்தியரின் முடிவு

இப்போது நாம் சொல்ல வந்த இரண்டாவது பாடத்துக்கு வருவோம். இப்னு சீனா அவர்கள் உறுதியான உடல் படைத்தவர்கள். அந்த உறுதியையே நம்பி, இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். இச்சைகளுக்கும் கடிவாளமின்றி இடம் கொடுத்தார்கள். இளமையில் இரவில் படிக்கும்போது சோர்வு வந்தால் மார்க்கம் விலக்கிய பானத்தைக் கொண்டு தெம்பு தேடியதாக அவர்களே கூறியிருக்கிறார்கள். இந்தத் தாராளம் அவர்களின் தேகத்தை உள்ளிருந்து அரித்துவிட்டதென்று, உஸ்தாதை உயிராய் நேசித்த ஜூஸ்ஜானியே ஒளிக்காமல் எழுதுகிறார்.

அமீர் அலாவுத் தவ்லாவுடன் ஒரு போர்ப் பயணத்தில் இருந்தபோது இப்னு சீனா அவர்களைக் குடல் சூலை பற்றிற்று. ஆம், ஷம்ஸுத் தவ்லாவுக்கு அவர்கள் குணப்படுத்திய அதே நோய். படை பின்வாங்க நேர்ந்தால் நோயாளியால் உடன் செல்ல முடியாதே என்ற அச்சத்தில், விரைவில் குணமடைய விரும்பி ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார்கள். குடல் புண்ணாயிற்று. உதவிக்கு இருந்த வைத்தியர் மருந்தில் ஒரு விதையை அளவுக்கு மிக அதிகமாகச் சேர்த்துவிட்டதால் புண் மேலும் முற்றிற்று. பொருளைத் திருடிய பணியாட்கள், தண்டனைக்கு அஞ்சி மருந்தில் அபினைக் கலந்தார்கள் என்றும் சரிதை கூறுகிறது.

இஸ்ஃபஹானுக்குத் தூக்கிக்கொண்டுவரப்பட்ட அவர்கள் சற்றுத் தேறினார்கள். எழுந்து அரசவைக்கும் சென்றார்கள். ஆனால் பத்தியம் காக்கவில்லை. நோய் தணிவதும் திரும்புவதுமாக இருந்தது. அமீருடன் ஹமதானுக்குப் புறப்பட்டபோது வழியிலேயே மீண்டும் பற்றிக்கொண்டது. ஹமதானை அடைந்ததும், இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று உணர்ந்து சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். தம் ஆலோசனையைக் கேளாமல் ஷம்ஸுத் தவ்லா மாண்டார். அதே ஆலோசனையைத் தாமும் கேளாமல் அவர்களும் படுக்கையில் விழுந்தார்கள்.

அதன்பின் அவர்கள் செய்தவற்றை இப்னு கல்லிகான் போன்ற சரிதை ஆசிரியர்கள் குறித்துள்ளார்கள். குளித்துச் சுத்தமாகி, பாவங்களுக்காகத் தவ்பாச் செய்தார்கள். கையிலிருந்ததை ஏழைகளுக்கு வழங்கினார்கள். தாம் அநீதமிழைத்ததாக அறிந்தவர்களுக்கு அவர்களுடைய ஹக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடிமைகளை உரிமை விட்டார்கள். மூன்று நாட்களுக்கு ஒருமுறை குர்ஆன் ஷரீபை ஓதி முடித்துக்கொண்டிருந்தார்கள். ஹிஜ்ரி 428, அதாவது கி.பி. 1037ல், புனித ரமலானில் ஒரு வெள்ளிக்கிழமையன்று அவர்களின் உயிர் பிரிந்தது. அப்போது அவர்களுக்கு வயது ஐம்பத்தேழு. ஹமதானில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

நாம் கொள்ள வேண்டியது

அவர்களின் தத்துவக் கொள்கைகள் சிலவற்றை நம் உலமாப் பெருமக்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். உலகம் தொடக்கமற்றது என்பது போன்ற மூன்று விஷயங்களில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தீர்ப்பு யாவரும் அறிந்ததே. ஆனால் அதே இமாம் அவர்கள் வைத்தியக் கல்வியைப் பர்ளு கிஃபாயா என்று கூறினார்கள். தவறானதை விட்டு நல்லதை எடுத்துக்கொள்ளும் பக்குவம் நம் முன்னோர்களிடம் இருந்தது.

அறிவு ஒன்று, அமல் வேறொன்று. உடலைக் காக்கும் கலையை உலகுக்கே கற்பித்தவர் தம் உடலைக் காக்கத் தவறினார்கள். இதைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அத்தகைய மேதைக்கே இது கடினமாயிற்று என்றால், பருமனோடு போராடும் நம் சகோதர சகோதரிகளின் சிரமம் எத்தகையது என்பதை உணர்வதற்காகவே எழுதுகிறோம். அவர்களைப் பார்த்துச் சிரிப்பதும் பட்டப்பெயர் வைத்து அழைப்பதும் மார்க்கம் தெளிவாகத் தடுத்த பாவங்கள். பிள்ளையில்லாத மருமகளின் உடம்பைச் சுட்டிக்காட்டிக் குத்திப் பேசும் மாமியார்மார்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தேவை மருத்துவமும் அன்பும், ஏச்சு அல்ல.

மறுபுறம், நம்மால் செய்ய முடிந்ததையும் செய்யாமல் எல்லாம் நஸீபு என்று இருந்துவிடுவதும் சரியல்ல. வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் போதும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய அளவு. நோன்பின் பகலில் பசித்திருந்து, இரவெல்லாம் சமோசாவும் பிரியாணியுமாக அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் நம் வீடுகள் இந்த அளவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐவேளையும் பள்ளிக்கு நடந்து செல்வோர் வாகனத்தைச் சற்று ஒதுக்கி வைக்கலாம். வீட்டிலிருக்கும் பெண்கள் மொட்டை மாடியிலாவது நாளும் அரைமணி நடக்க, வீட்டு ஆண்கள் நேரமும் வசதியும் ஏற்படுத்தித் தர வேண்டும். கொழுகொழு என்று இருந்தால்தான் அழகு என்று குழந்தைக்குத் திணித்து ஊட்டும் வழக்கத்தையும் விட வேண்டும். சிறுவயதுப் பருமன் பெரும்பாலும் பெரிய வயதிலும் தொடர்கிறது.

உடல் நமக்குச் சொந்தமன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பருத்த உடலும் மெலிந்த உடலும் அவனுடைய அமானிதமே. தம் உடலைப் பேணுவதும், பிறர் உடலை இழிவாகப் பேசாதிருப்பதும் ஆகிய இரண்டும் அந்த அமானிதத்தின் ஹக்குகள். அந்தத் தாயாரின் கண்ணீரை மறவாத நாம், இவ்விரண்டையும் முதலில் நமக்கே நினைவூட்டிக்கொள்கிறோம்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், அறிந்தபடி அமல் செய்யும் தவ்பீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.